பினாங்கு ரோட்டில் சவேரியார்

என் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் நீலநிற ஏர் மெயில் கடிதம் ஒன்று இருந்தது. மடிப்புகளில் கிழிந்து, தொட்டால் மூன்று துண்டாகிவிடும் என்ற நிலையில் இருந்த தாள். அனுப்பியவர் பாட்டியின் தம்பி. எங்கள் வீட்டில் அவருக்குப் 'பினாங்குத் தாத்தா' என்று பெயர். 1950-களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். கடிதத்தின் பின்பக்கம் அவர் எழுதியிருந்த விலாசம் ஒரே வரிதான்: சவேரியார் கோயில், பினாங்கு ரோடு, பினாங்கு.

வீட்டு எண் கிடையாது. கோயிலையே தன் விலாசமாகக் கொடுத்திருந்தார்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் கோயில் உபதேசியார்தான் வாசித்துக் காட்டுவாராம். சில வருடங்களில் கடிதம் வருவது நின்றுபோனது. அதன்பிறகு பாட்டி சாகும்வரை ஒவ்வொரு டிசம்பர் 3-ஆம் தேதியும் ஒரு மெழுகுவத்தி கூடுதலாக ஏற்றுவார். அன்றைக்குச் சவேரியார் திருநாள். தம்பிக்கு வைத்திருந்ததும் சவேரியார் பெயர்தான்.

எங்களுக்குத் தூத்துக்குடிக்குத் தெற்கே, மணப்பாட்டுக்குப் பக்கத்தில் கடற்கரைக் கிராமம். அந்தக் கரையில் வீட்டுக்கு ஒரு சவரிமுத்தோ, சவரியம்மாளோ, சவரிராயனோ, சேவியரோ இல்லாமல் இருக்க மாட்டார்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டம் முழுவதும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அவ்வளவு நெருக்கமான பெயர்.

சென்ற ஆண்டு அந்தக் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு பினாங்குக்குக் கிளம்பினேன்.

தமிழ் மணக்கும் தெருக்கள்

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்து, அங்கிருந்து படகில் தீவுக்குப் போனேன். பாலம் வழியாக பஸ்ஸிலும் போகலாம். ஆனால் முதல்முறை போகிறவர்கள் படகில் போவதே நல்லது. கப்பலில் வந்தவர்கள் இந்த ஊரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது கடல் பக்கமிருந்து பார்த்தால்தான் புரியும். முதலில் மலை தெரிகிறது, பிறகு கட்டடங்கள், கடைசியில் தண்ணீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் சீனர்களின் மர வீடுகள்.

ஜார்ஜ் டவுன் 1786-இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஏற்படுத்திய ஊர். 2008-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நடந்தே பார்த்துவிடலாம். லெபோ பசாரில் மல்லிகைப்பூவும் இட்லிப் பொடியும் விற்கிறார்கள். லெபோ குயீனில் 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில். சூலியா தெருவுக்குப் பெயர் வந்ததே நம் தமிழ் முஸ்லிம் வணிகர்களால்தான். அங்கே நாகூர் தர்கா ஒன்றும் இருக்கிறது. நாகூரிலிருந்து கப்பல் ஏறியவர்கள் தங்கள் ஆண்டவரையும் உடன் அழைத்து வந்திருக்கிறார்கள்.

கத்தோலிக்கர்கள் வந்த கதையும் ஊர் தொடங்கிய ஆண்டிலேயே தொடங்குகிறது. கெடாவிலிருந்து வந்த யூரேசியக் குடும்பங்கள் 1786-இல் வைத்த கோயில்தான் பார்குவார் தெருவில் இருக்கும் விண்ணேற்பு அன்னை ஆலயம். இன்றைய கட்டடம் அதற்குப் பிந்தியது. கொஞ்சம் தள்ளி, லசால் சபைத் துறவிகள் 1852-இல் தொடங்கிய செயின்ட் சேவியர்ஸ் பள்ளி. சீனக் கத்தோலிக்கர்களுக்கு மெக்காலிஸ்டர் ரோட்டில் ஒரு கோயில். தமிழர்களுக்குப் பினாங்கு ரோட்டில் ஒரு கோயில்; அது புனித பிரான்சிஸ் சவேரியார் பெயரில் அமைந்தது. சுங்கை பினாங்கில் இன்னொரு கோயில் இருக்கிறது. அது ஓரியூரில் 1693-இல் வெட்டுண்டு இறந்த அருளானந்தர் பெயரில். நம் பக்கத்துப் புனிதர்கள் இருவரையும் பினாங்குத் தமிழர்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சவேரியார் கால் வைத்தது இந்தத் தீவில் அல்ல, தெற்கே மலாக்காவில். 1545-இல் அங்கே போனவர் பிறகும் சில முறை போய்வந்தார். 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு எதிரே ஷாங்சுவான் தீவில் இறந்தார். மறு ஆண்டு அவர் உடலை மலாக்காவுக்குக் கொண்டுவந்து புனித பவுல் குன்றின் மேலுள்ள கோயிலில் புதைத்தார்கள். அங்கிருந்துதான் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வெறும் குழி இன்னும் அங்கே இருக்கிறது. பினாங்குக்கு அவரைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள் இல்லை. பிழைப்புத் தேடி வந்த தமிழர்கள்தான்.

பினாங்கு ரோட்டுக் கோயிலை நான் அடைந்தபோது நல்ல வெயில். தமிழ்த் திருப்பலிக்கு இன்னும் நேரம் இருந்தது. நிழலான இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்கு வியன்னா நினைவு வந்தது.

வியன்னாவில் பார்த்த சவேரியார்

சில ஆண்டுகளுக்கு முன் வியன்னாவுக்குப் போகும் வாய்ப்பு கிடைத்தது. அங்குள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு கூடத்துக்குள் நுழைந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். எதிரே ஐந்து மீட்டருக்கும் மேல் உயரமான ஓர் ஓவியம். கறுப்பு அங்கி அணிந்த ஒருவர் உயரமான மேடையில் நின்று கையை நீட்டுகிறார். கீழே பெருங்கூட்டம். இறந்தவர் ஒருவர் துணி விலக எழுந்திருக்கிறார். பார்வையற்றவர் கைகளை முன்னால் நீட்டித் தடவி வருகிறார். மேலே மேகத்தில் தேவதூதர்கள். அங்கிருந்து பாயும் ஒளி பட்டு, பின்னால் ஒரு கோயிலில் சிலை உடைந்து சாய்கிறது. பக்கத்தில் பெயர்ப் பலகையைப் படித்தேன்: 'புனித பிரான்சிஸ் சவேரியாரின் அதிசயங்கள்'. வரைந்தவர் பீட்டர் பால் ரூபென்ஸ்.

எங்கள் ஊர்ச் சவேரியார்! பக்கத்தில் நின்ற ஜெர்மன் தம்பதியிடம் "இவர் எங்கள் ஊருக்கு வந்தவர்" என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது.

ரூபென்ஸ் 1577 முதல் 1640 வரை வாழ்ந்தவர். இன்றைய பெல்ஜியத்தின் வடபகுதியான பிளாண்டர்ஸில், ஆன்ட்வெர்ப் நகரில் பெரிய ஓவியக்கூடம் நடத்தியவர். அந்த நாட்டு மரபைப் பிளெமிஷ் ஓவியம் என்கிறார்கள். அந்த மரபில் புனிதர்களை வரைவதற்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ரூபென்ஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முன்பே ரோகியர் வான் டர் வெய்டன் என்பவர், புனித லூக்கா மாதாவைப் பார்த்துப் படம் எழுதுவதுபோல ஓர் ஓவியம் தீட்டினார். அதில் மாதா உட்கார்ந்திருப்பது ஒரு பிளெமிஷ் மாளிகையில். பின்னால் ஓடும் ஆறும் ஊரும்கூட அந்த நாட்டுடையவைதான். பைபிள் காலத்து ஆட்களைத் தங்கள் ஊருக்கே அழைத்து வந்துவிட்டார்கள். நம்மவர்கள் காலண்டரில் ராமருக்குத் தஞ்சாவூர் நகை போடுவதைப் போலத்தான்.

சவேரியார் படத்தில் ரூபென்ஸுக்கு வேறு ஒரு சிக்கல். அங்கே அவர் காட்ட வேண்டியது தன் ஊரை அல்ல, தான் ஒருநாளும் பார்க்காத கீழைநாட்டை. படம் ஆன்ட்வெர்ப்பில் சேசு சபையார் கட்டிக்கொண்டிருந்த புதிய கோயிலுக்காக 1617-18-இல் வரையப்பட்டது. அப்போது சவேரியார் இறந்து 65 வருடம்தான் ஆகியிருந்தது. அவருக்கு முக்திப்பேறு பட்டம் கிடைத்தது 1619-இல், புனிதர் பட்டம் 1622-இல். அதாவது படத்தில் அதிசயங்கள் செய்துகொண்டிருப்பவர் அன்றைக்கு இன்னும் புனிதர் இல்லை. புனிதர் பட்டத்துக்காகச் சாட்சிகளிடம் திரட்டிய செய்திகள் ஐரோப்பாவில் பரவியிருந்த நேரம் அது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் நடந்ததாகச் சொல்லப்பட்டவற்றை எல்லாம் ரூபென்ஸ் ஒரே இடத்தில், ஒரே நொடியில் நடப்பதாக வரைந்துவிட்டார்.

ஆன்ட்வெர்ப் கோயிலின் பீடத்தில் இந்தப் படம் எப்போதும் தொங்கியதில்லை. பீடத்துக்குப் பின்னால் கயிறும் கப்பியும் வைத்து, திருநாள்களுக்கு ஏற்றபடி பெரிய படங்களை மாற்றி மாற்றி ஏற்றுவார்களாம். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டது. அந்த நாடு அப்போது ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்ததால், பேரரசி மரியா தெரசா 1776-இல் படத்தை வாங்கி வியன்னாவுக்குக் கொண்டுபோனார்.

நான் படத்தின் முன் அரைமணி நேரம் நின்றேன். முதலில் பெருமை. பிறகு மெல்ல ஒரு தேடல். இதில் எங்கள் ஆள் எங்கே?

தலைப்பாகை கட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்கள் துருக்கியர்களைப் போல இருந்தார்கள். உடைந்து விழும் சிலை, எங்கள் பக்கத்தில் எந்தக் கோயிலிலும் காணாத ஏதோ ஒன்று. கூட்டத்துக்கு நடுவே உயரமான தொப்பியும் நீண்ட அங்கியும் போட்ட ஒருவர். அவரைப் பற்றிப் பிறகு படித்தேன். ரூபென்ஸ் சுமார் 1617-இல் சுண்ணக்கோலால் வரைந்த ஒரு படம் லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'கொரிய உடையணிந்த மனிதர்' என்று அதற்குப் பெயர். அதே உடைதான் இந்தப் பெரிய படத்திலும் வருகிறது. தூத்துக்குடிக் கூட்டத்தில் ஒரு கொரிய உடை! கிழக்கிலிருந்து கைக்குக் கிடைத்ததை எல்லாம் ரூபென்ஸ் உபயோகித்திருக்கிறார். வேட்டியை மடித்துக் கட்டி, உப்புக் காற்றில் கறுத்த ஒரு பரதவரை அவர் பார்த்ததே இல்லை. பிறகு எப்படி வரைவார்?

அவர்மீது குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

தமிழ் படித்த பாதிரியார்

படத்தில் இருப்பவர் உயரத்தில் நின்று பேசுகிறார், எல்லோரும் கேட்கிறார்கள். சவேரியாரின் கடிதங்களில் தெரிகிற ஆள் வேறு மாதிரி.

ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் நடுவே இருந்த நவார் நாட்டில் 1506-இல் பிறந்தவர் அவர். 1542 மே மாதம் கோவாவில் இறங்கினார். அதே ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவர்கள் 1530-களிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் சொல்லித்தர ஆள் இல்லை, இவருக்கோ தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசும் கொஞ்சம் அறிந்த உள்ளூர்க்காரர்களை உட்கார வைத்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்க்கச் சொன்னார். அதை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொன்னார்கள்.

அதில் ஒரு பிழையும் நடந்தது. விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'எனக்கு வேணும்' என்று வந்துவிட்டது. ஊர் ஊராக அப்படியே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 1544-இல் தன்னோடு பணி செய்த பிரான்சிஸ்கோ மன்சீலாஸுக்கு எழுதிய கடிதத்தில் சவேரியார் அதைத் திருத்துகிறார். 'வேணும்' என்று சொல்ல வேண்டாம், அது 'விரும்புகிறேன்' என்று பொருள்படும், 'விசுவாசம்' என்று சொல்லுங்கள் என்கிறார். அந்தத் தமிழ்ச் சொற்களை அவர் எழுதியது ரோமன் எழுத்தில்.

அதே 1544-இல் வடுகர் படை கரையோரத்தைச் சூறையாடியது. மக்கள் குமரிமுனைப் பாறைகளில் போய் ஒளிந்துகொண்டு பசியோடு கிடந்தார்கள். சவேரியார் தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். காற்று விடவில்லை. பல நாள் கடலில் போராடிவிட்டுத் திரும்பி, கரை வழியாக நடந்து போனார்.

ரூபென்ஸின் ஐந்து மீட்டர்த் துணியில் எழுந்த பிணம் இருக்கிறது. காற்று திருப்பி அனுப்பிய தோணி இல்லை. 'எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்த மனிதரும் இல்லை. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த எங்கள் ஊர்க்காரர்களும் இல்லை. எனக்கு அந்தச் சவேரியாரைத்தான் அதிகம் பிடிக்கிறது.

"பசியாறிட்டீங்களா?"

"ஊர்லேர்ந்து வர்றீங்களா தம்பி? பசியாறிட்டீங்களா?"

குரல் கேட்டு நிமிர்ந்தேன். எண்பது வயதுப் பெரியவர் ஒருவர். வெள்ளைச் சட்டை, கையில் பழைய ஜெபப் புத்தகம். மலேசியத் தமிழர்களுக்கு 'ஊர்' என்றால் தமிழ்நாடு. 'பசியாறுவது' என்றால் காலைச் சாப்பாடு. நாம் தொலைத்துவிட்ட அழகான சொல். அங்கே அன்றாடம் புழங்குகிறது.

அவருடன் பதினாலு, பதினைந்து வயதில் ஒரு பெண். பேத்தி. கைப்பேசியைப் பார்த்தபடி எனக்கு ஒரு வணக்கம் வைத்தாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். தாத்தாவின் பெயரைச் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டார்.

"சவேரியார் பேரா? இந்தக் கோயில்ல அந்தப் பேர்ல எத்தனை பேரு தம்பி! என் பேரும் அதுதான். எங்க அப்பா பேரும் அதுதான். கூப்பிட்டா பத்துப் பேரு திரும்புவாங்க. நீங்க யாரைன்னு கேக்குறீங்க?"

துறைமுகத்தில் வேலை பார்த்தவரா, ரயில்வேயா, தோட்டத்திலிருந்து வந்தவரா என்று கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. கடிதத்தில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லோரையும் விசாரித்திருந்தார், பாட்டியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார், அடுத்த திருநாளுக்கு வருவதாக எழுதியிருந்தார். அவ்வளவுதான்.

"அந்தக் காலத்துல வீடு நிரந்தரம் இல்ல தம்பி. இன்னிக்கு ஒரு கொட்டாய், நாளைக்கு ஒரு கடை மாடி. கடுதாசி தொலையக் கூடாதுன்னு கோயில் விலாசம் கொடுத்திருப்பாரு."

இத்தனை வருடம் எனக்குப் புரியாதிருந்த ஒற்றை வரி விலாசம் ஒரே வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

பூசை தொடங்கியது. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தமிழ்ப் பாடல், தமிழ் வாசகம், தமிழ் மன்றாட்டு. கண்ணை மூடினால் எங்கள் ஊர்க் கோயில்தான். வந்திருந்தவர்களில் நரைத்த தலைகளே அதிகம். விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்தோம். பேத்தி கைப்பேசியைத் திறந்து பார்த்துப் படித்தாள். தற்செயலாக என் கண் அதில் விழுந்தது. தமிழ் ஜெபம், ஆனால் ஆங்கில எழுத்தில். ஒரு நீண்ட சொல்லில் தடுமாறினாள். பெரியவர் அவளைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் அவரே பேச்சை எடுத்தார்.

"பாத்தீங்கல்ல தம்பி? தமிழ் பேசுவா. எழுத்து தெரியாது. மகன் இவளைத் தமிழ்ப் பள்ளியில போடல. நான் அன்னிக்கே சண்டை போட்டிருக்கணும். விட்டுட்டேன். இங்கிலீஷ் எழுத்துல தமிழ் ஜெபம் படிக்கிறா. எனக்கு அசிங்கமா இருக்கு. நாங்க நாலு கிழங்க போயிட்டா இந்தப் பூசைக்கு யாரு வருவா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாற்பது ஆண்டுகளாக எழுதுகிறவன் நான். தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும். வேறு நாளாக இருந்தால் பெரியவரோடு சேர்ந்து நானும் பெருமூச்சு விட்டிருப்பேன். ஆனால் வெயிலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்ததெல்லாம் மனதில் இருந்ததால், அந்த 'எனக்கு வேணும்' கதையை அவளுக்குச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தாள். "சேவியரேவா? அவருக்கே தப்பாச்சா அங்கிள்?"

"தப்பாச்சு. கண்டுபிடிச்சுத் திருத்தினாரு. அவரும் உன்னை மாதிரிதான், தமிழை இங்கிலீஷ் எழுத்து மாதிரி எழுத்துலதான் எழுதி வெச்சுக்கிட்டாரு."

பெரியவருக்கு இன்னொன்றும் சொன்னேன். தமிழில் அச்சான முதல் புத்தகமே ரோமன் எழுத்தில்தான் வந்தது. 1554-இல் லிஸ்பனில் அச்சிட்ட ஜெபப் புத்தகம் அது. தமிழ்ச் சொற்கள், போர்த்துக்கீசிய எழுத்து. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. ஆன்ட்வெர்ப் ஓவியர் ரூபென்ஸ் பிறந்த மறு வருடம். அதைக் கொண்டுவந்த அன்றிக் அடிகளார், சவேரியார் விட்டுப்போன அதே முத்துக்குளித்துறையில் உட்கார்ந்து தமிழ் படித்தவர்.

"அதாவது ஐயா, நம்ம எழுத்து அச்சுல வர்றதுக்கு முன்னாடி 24 வருஷம் தமிழ் இவ போன்ல இருக்கிற மாதிரிதான் இருந்துச்சு. அசிங்கம்னு நினைக்காதீங்க. ஆனா அதோட நிக்கவும் கூடாது."

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "24 வருஷம் நான் இருக்க மாட்டேனே தம்பி" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. என்னிடமும் அதற்குப் பதில் இல்லை. வரலாற்றில் 24 ஆண்டு ஒரு வரி. எண்பது வயதுக்காரருக்கு அது வேறு.

ஒரு கடிதம் சேர்ந்தது

விடைபெறும் முன் பிளாஸ்டிக் உறையைத் திறந்து கடிதத்தை அவர்களிடம் காட்டினேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். படித்து முடித்து, "நல்ல கையெழுத்து" என்றார். தெரிந்த முகம் எதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பங்குப் பதிவேடுகளை எப்படிப் பார்ப்பது, யாரிடம் கேட்பது என்று சொன்னார். நான் ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டிருந்தது. அடுத்த முறை வந்து தேட வேண்டும்.

பேத்தி கடிதத்தை வாங்கித் திருப்பினாள். விலாசம் எழுதிய பக்கம். விரலை எழுத்தின் மேல் வைக்காமல், காகிதத்துக்கு ஒரு நூல் மேலே பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த முதல் சொல் எனக்குத் தெரியும்" என்றாள். "தாத்தா ஜெபப் புஸ்தகத்துல முதல் பக்கத்துல அவரு பேர் எழுதியிருக்கும். அதே மாதிரி தொடங்குது. ச... வே... ரி..."

"யார்" என்று பெரியவர் முடித்து வைத்தார்.

"கோ...யி...ல்" என்று அடுத்த சொல்லையும் அவளே கூட்டினாள். அதற்கு மேல் வரவில்லை. 'பினாங்கு ரோடு' என்று நான் சொன்னேன்.

வியன்னாவில் அந்தப் பெரிய படத்தின் முன் நின்று நான் தேடியது நினைவுக்கு வந்தது. அங்கே கூட்டம் முழுவதும் தலையை உயர்த்தி ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் பெயர் இல்லை. இங்கே எல்லோருக்கும் அவர் பெயர் இருந்தது. ஒரு சிறுமி தலையைக் குனிந்து, எழுபது வருடப் பழைய தாளில் ஒரு சொல்லைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பினாங்குத் தாத்தாவை நான் கண்டுபிடிக்கவில்லை. அவர் எங்கே வேலை பார்த்தார், யாரைக் கட்டினார், எங்கே புதைக்கப்பட்டார் என்று இன்றும் தெரியாது. ஆனால் அவர் கொடுத்த விலாசத்துக்கு வந்து, அங்குள்ள ஒரு பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்கக் கேட்டேன்.

இந்த டிசம்பர் 3-ஆம் தேதி பாட்டி ஏற்றிய அந்தக் கூடுதல் மெழுகுவத்தியை நான் ஏற்றினேன். அன்று காலை பினாங்கிலிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்திருந்தது. திருநாள் வாழ்த்து. தமிழ் எழுத்தில் இருந்தது. 'வாழ்த்துக்கள்' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

நான் திருத்தவில்லை.